விமானியின் தாய் எழுதாத இரண்டாம் கடிதம்

மகனே,

சென்ற சனிக்கிழமை நீ இங்கிலாந்திலிருந்து தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, கலியாணத்த அங்க வச்சா என்ன? நாங்க வரட்டா?" என்று கேட்டாய். "அடுப்பில பால் வச்சிருக்கன்" என்று சொல்லி நான் பேச்சை முறித்துக்கொண்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. எழுபத்துமூன்று வயதில் ஒரு சிறு பொய்யின் பின்னால் ஒளிந்துகொள்ள நேர்ந்ததற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஏனென்றால் கேள்விக்கு முன்னால் நீ இன்னொன்றும் சொல்லியிருந்தாய். "நீங்கதானே அம்மா சொன்னீங்க, நான் சொல்லும் வரைக்கும் வராத, ஆர் செத்தாலும் வராத எண்டு. அதுதான் கேக்கிறன்." அதை நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துச் சமாளித்திருப்பேன். அரசாங்கக் கச்சேரியில் ஒரு விதியைப் பற்றி விசாரிப்பவனைப் போல, அத்தனை பணிவாகச் சொன்னாய். அப்படி ஒரு சொல்லை நான் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. நீ பதினெட்டு ஆண்டுகளாக அதற்குக் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறாய்.

இந்தப் பதிலை அச்சில் வரும்படியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போர் நடந்த அந்த ஆண்டுகளில் நம் பகுதியில் பிள்ளையைப் பேருந்தில் ஏற்றி "வராதே" என்று சொல்லி அனுப்பியவள் நான் ஒருத்தி மட்டுமல்ல. சித்தாண்டியில் எங்கள் ஒழுங்கையிலேயே நான்கு வீடுகள் உண்டு. அந்த நான்கில் எத்தனை வீட்டார் பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றார்கள் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கில்லை. இதை வாசிக்கும் தாய் தந்தையர் தத்தம் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களில் அறிவுரை மூட்டை மூட்டையாக இருக்கும். இதிலும் கொஞ்சம் இருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில், நீ முடிக்கப்போகிற மார்த்தாவின் தகப்பனாரிடம் நான் பட்ட அவமானத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மனம் புரளத் தொடங்கியது அங்கேதான். ஆறு மாதங்களுக்கு முன் காணொளி அழைப்பில் நீ எங்களை அறிமுகப்படுத்தினாய். மார்த்தா உன்னோடு மருத்துவமனையில் வேலை செய்பவள் என்பதும், அவளுடைய அப்பப்பா போலந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தவர் என்பதும் மட்டும் எனக்குத் தெரியும். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். முப்பத்தொரு ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு கற்பித்தவள். போலந்து என்றதும் எனக்குப் பேச ஒரு விடயம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. "உங்கள் நாட்டவர் குதிரையேறி, ஈட்டியோடு ஜெர்மானிய யுத்தத் தாங்கிகளை எதிர்த்து ஓடினவர்கள் அல்லவா? வீரந்தான், ஆனால் கொஞ்சம் முட்டாள்தனமான வீரம்" என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னேன். நீ திரையின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டாய். மார்த்தாவின் தகப்பன் எழுபது வயது மனிதர், தச்சுவேலை கற்பித்து ஓய்வு பெற்றவர். அவர் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "அம்மணி, அது எங்களை வென்றவர்கள் பரப்பிய கதை. குதிரைப்படை இருந்தது, தாங்கிகளை ஈட்டியால் குத்தப்போகவில்லை. என் தகப்பனிடம் இருந்ததும் விமானந்தான், குதிரை அல்ல" என்றார். பிறகு எங்கள் ஊரில் மழை எப்படி என்று விசாரித்தார்.

அந்தக் குதிரைக் கதையை நான் முப்பத்தொரு வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அடிமட்டக் கோலால் மேசையில் தட்டிக் குதிரை ஓடும் சத்தம் எழுப்புவேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்துக்குக் காத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிரித்து முடிந்ததும் "சில வாரங்களில் போலந்து வீழ்ந்தது" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிரான்சுக்குப் போய்விடுவேன். வீழ்ந்த நாட்டின் ஆட்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு எந்த ஊரார் கேட்காமல் விட்டாலும் மன்னிக்கலாம், நாம் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்குப் பிறகு வாசிக்கத் தொடங்கினேன். நீ அனுப்பியவற்றையும் மார்த்தா அனுப்பியவற்றையும் வாசித்தேன். மார்த்தாவின் அப்பப்பா இருபத்திரண்டு வயதில் எல்லை கடந்து ருமேனியாவுக்குள் போயிருக்கிறார். அங்கிருந்து கப்பலில் பிரான்சு. பிரான்சும் விழுந்ததும் இங்கிலாந்து. பிரித்தானியர் அவர்களை முதலில் நம்பவில்லை. தோற்ற நாட்டுப் பொடியன்கள், மொழி தெரியாது, என்ன பறக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். கருவிகள் எல்லாம் வேறு அளவையில் இருந்தன. பழைய விமானங்களில் சக்கரம் எப்போதும் கீழேதான் நிற்கும். புதிய விமானத்தில் அதை உள்ளே மடித்து, இறங்கும்போது மறக்காமல் விரிக்க வேண்டும். மார்த்தாவின் அப்பப்பா முதல் நாளே மறந்துவிட்டார். வயிற்றால் தேய்த்துக்கொண்டு புல்லில் இறங்கியிருக்கிறார். மேலதிகாரி வந்து கத்தியபோது இவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்திருந்த ஒரே வாக்கியம் "நன்றி, மிகவும் சுவையாக இருந்தது" என்பதுதானாம். அதைச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சில வாரங்களுக்குள் அவரும் அவருடைய தோழர்களும் இலண்டனின் வானத்தைக் காத்தவர்களில் முன்னணியில் நின்றார்கள். தம் படைப்பிரிவுகளுக்குத் தம் நகரங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஊர் கையைவிட்டுப் போன பின் பெயரை இறக்கையில் ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

போர் முடிந்தது. வென்ற பக்கத்தில் நின்று தோற்றவர்கள் அவர்கள். நாடு வேறொரு வல்லரசின் கைக்குள் போய்விட்டது. அதற்கு நண்பர்களும் தலையாட்டினார்கள். வெற்றி ஊர்வலத்தில் அவர்களுடைய படை நடக்கவில்லை. திரும்பிப் போனவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். மார்த்தாவின் அப்பப்பா போகவில்லை. ஒரு பேக்கரியின் பாண் வண்டியை இருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டினார். நீ இப்போது அவசரப்பட்டு, "எங்களைப் போலத்தான்" என்று சொல்லத் தொடங்காதே. தோற்ற சனங்கள் எல்லோரிடமும் தம் முகத்தைப் பார்த்துக்கொள்வது நம் ஆட்களின் பலவீனம். அவர் விமானம் ஓட்டிப் போனவர். நீ ஒரு பயணப்பையோடும் வயிற்றோட்டத்தோடும் போனவன். ஒப்பிடுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஒப்பிட வேண்டியவர்கள் தாய்மார்தான். போர் முடிந்த பின் அந்த விமானிக்கு அவருடைய தாய் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். மார்த்தா அதைப் படம்பிடித்து, ஆங்கிலத்தில் பெயர்த்து எனக்கு அனுப்பினாள். ஒரு பக்கந்தான். கோழிகள் பற்றி, அடுத்த வீட்டுக் கிழவர் பற்றி எழுதிவிட்டு, முடிவில்: "நீ வர வேண்டாம். உன் கட்டிலை உன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே உனக்கு இடமில்லை." அவர் அந்தக் கடிதத்தின் மேல் பல ஆண்டுகள் கோபமாக இருந்திருக்கிறார். பின்னாளில் உறவுக்காரப் பெண் ஒருத்தி இங்கிலாந்துக்கு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. கட்டில் அதே இடத்தில் இருந்ததாம். அவரோடு பறந்த இருவர் ஊர் திரும்பிக் கைதானதைக் கேள்விப்பட்டு, மகனை நிறுத்துவதற்குத் தாய் கண்டுபிடித்த வழி அது. கெட்டிக்காரி என்று நினைத்தேன். நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைத்தேன். அத்தோடு கதை முடிந்தது என்று எண்ணி மார்த்தாவின் தகப்பனுக்குச் செய்தியும் அனுப்பினேன்: "உங்கள் பாட்டி அறிவுள்ள பெண்."

அவர் பதில் எழுதினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தளர்ந்ததாம். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்களாம். தாய் அதற்கும் பிறகு நெடுங்காலம் உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவர்கள் வழக்கப்படி மெல்லிய அப்பத் துண்டு ஒன்றைக் கடித உறைக்குள் வைத்து மகனுக்கு அனுப்பினாள். ஆனால் "இனி வரலாம்" என்று எழுதவில்லை. "என் தகப்பன் இரண்டாவது கடிதம் ஒன்றுக்காகக் காத்திருந்தார், அது வரவில்லை. அவளும் அவர் தானாக வருவார் என்று காத்திருந்திருக்க வேண்டும். இருவரும் பிடிவாதக்காரர்கள்" என்று முடித்திருந்தார். நான் அதை வாசித்துவிட்டு, நல்ல வரலாற்று ஆசிரியையாக, "எவ்வளவு துயரம்" என்று பதில் போட்டுவிட்டு உனக்கு மிளகாய்த்தூள் வறுக்கப் போனேன். ஒவ்வோர் ஆண்டும் அனுப்புகிறேனே, அதே மிளகாய்த்தூள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை மகனே. சென்ற சனிக்கிழமை நீ தொலைபேசியில் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நினைவுக்கு வருகிறது. செங்கலடிச் சந்தி, காலை ஐந்தரை மணி. வீட்டுக்கு வீடு பிள்ளைகளைத் தேடி ஆட்கள் வந்த காலம். உன்னோடு படித்த இருவர் அந்த வாரத்தில் காணாமல் போயிருந்தார்கள். கொழும்பு பஸ்ஸில் மாமாவோடு உன்னை ஏற்றினோம். அப்பா உன் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். நீ யன்னலால் தலையை நீட்டி, "அம்மா, தைப்பொங்கலுக்கு வந்திருவன்" என்றாய். எனக்குப் பயம். பயந்தால் நான் அழுபவள் இல்லை, அதட்டுபவள். "நான் சொல்லும் வரைக்கும் இஞ்ச வராத. ஆர் செத்தாலும் வராத, விளங்கினதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பஸ் நடத்துநர்கூடத் திரும்பிப் பார்த்தார். நீ "ஓம்" என்றாய். அந்த ஓமுக்கு இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று நான் எண்ணவில்லை.

இங்கே போர் முடிந்து மூன்றாம் ஆண்டு அப்பா போனார். நீ அழைத்து, "அம்மா, நான் வரட்டா?" என்று கேட்டாய். உன்னிடம் அப்போது வதிவிட அனுமதி இருந்தது. பயணச்சீட்டு வாங்கவும் வசதி இருந்தது. நான், "தகப்பன் செத்ததுக்கு வரட்டா எண்டு கேக்கிற பிள்ளைய நான் இப்பதான் காணுறன்" என்றேன். நீ வரவில்லை. உன் சின்னம்மாவின் மகன் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் வந்தவர்களிடம் உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். உள்ளுக்குள் உன்னை நன்றி கெட்டவன் என்று தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். அந்தத் தீர்ப்பைப் பதின்மூன்று ஆண்டுகள் மறுபரிசீலனை செய்யவில்லை. நீ கேட்டது அனுமதி. ஒரு சொல் போதுமாயிருந்தது. நானோ, சொல்லாமலே வருகிறவன்தான் பிள்ளை என்று ஒரு பரீட்சை வைத்தேன். பரீட்சை நடக்கிறது என்பதை உனக்கு அறிவிக்கவும் இல்லை. ஆசிரியத் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் எனக்குத் தெரியாது.

உன் சின்னம்மாவுக்குச் சனிக்கிழமை மாலையே செய்தி போய்விட்டது. வேலிக்கு அப்பால் இருப்பவளுக்கு எதை மறைப்பது? நேரே வந்து, பெண்ணின் தாய்வழிக் குடியை விசாரிக்கக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் புள்ள என்ன குடியாம்?"

"விசாரிக்கல்ல."

"விசாரிக்காம எப்பிடி அக்கா? மறுகா நம்மட குடியாவே இருந்திட்டா? ஒரே குடிக்குள்ள முடிக்கேலாதே."

"போலந்தில நம்மட குடி ஆருகா இருக்காங்க?"

"ஆர் கண்டது? இப்ப எல்லா நாட்டிலயும் நம்மட ஆக்கள்தானே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "பகிடி இல்ல அக்கா. புள்ள பிறந்தா என்ன குடி எண்டு சொல்லுற? கோயில்ல எந்தக் குடியில நிக்கிற?"

"தாயிட குடி. இஞ்ச எந்தப் புள்ளகா தகப்பன்ட குடி?"

"அப்ப நம்மட பொடியன் அங்கயே, அவட ஊட்டிலயே இருந்திருவானே!"

"உன்ட புருசன் கலியாணம் முடிச்சு எங்க இருந்தவர்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இஞ்சதான். என்ட ஊட்ட. ஆனா அவர் செங்கலடிதானே அக்கா, இந்தா இருக்கு."

"அப்ப உனக்கு வழக்கம் பிழையா, தூரம் பிழையா?"

"உங்களோட படிச்ச ஆக்கள்தான் கதைக்கோணும்" என்று எழுந்து போனாள். போகும்போது படலையில் நின்று, "நகை நான்தான் தெரிஞ்செடுப்பன், சொல்லிப்போட்டன்" என்றாள். அவளுடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

அவள் போன பின் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த மட்டக்களப்பு மண்ணில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போவான். அவன் பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வார்கள். வீடு மகளுக்குப் போகும். இது நம் ஊர் ஒழுங்கு. உன் அப்பாவும் என் வீட்டுக்கு வந்தவர்தான். மகனைப் பெற்ற ஒவ்வொரு தாயும் அவன் இன்னொருத்தியின் வளவுக்குப் போகப்போகிறவன் என்று தெரிந்துதான் இங்கே வளர்க்கிறாள். வேறு ஊர்த் தாய்மார் மகன் போய்விட்டான் என்று அழலாம். நான் அழுதால் அது அறியாமை. அந்தப் போலந்துக்காரரும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணை முடித்து, மாமியார் வீட்டு மேல்மாடியில் குடியிருந்து, அங்கேயே பிள்ளைகளைப் பெற்றவர். நம் கணக்கில் அவர் முறைப்படி நடந்திருக்கிறார். ஆனால் நம் ஒழுங்கில் இன்னொரு பாதியும் இருக்கிறது. போன மகன் தாயின் வீட்டுக்கு உரிமையோடு வந்துபோவான். கோயில் சடங்கில் அவனுடைய தாய்க்குடியின் பெயர் சொல்லி அழைத்தால் அவன்தான் முன்னே போய் நிற்பான். அவன் போவதை ஊர் ஏற்பாடு செய்திருக்கிறது. வருவதையும் ஏற்பாடு செய்திருக்கிறது. முதற்பாதியை உன்மேல் குற்றமாகச் சுமத்திவிட்டு இரண்டாம் பாதியை நான் அடைத்து வைத்திருந்தேன்.

இனி அறிவுரை. மார்த்தாவிடம் ஏதாவது வேண்டாம் என்று சொன்னால், எதுவரைக்கும் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல். பயத்தில் சொன்ன சொல்லுக்குப் பயம் தீர்ந்த அன்றே முடிவுத் தேதி போட்டுவிடு. அவள் உன் மனதை ஊகித்து நடக்க வேண்டும் என்று ஒருநாளும் எதிர்பார்க்காதே. ஊகிக்கத் தெரியாதது அன்பில்லாமை ஆகாது. நீ மிகவும் கீழ்ப்படிவுள்ள பிள்ளை, அதுவும் ஒரு குறைதான். ஒரு கட்டளை மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாகிவிட்டால் சொன்னவரைக் கூப்பிட்டுச் சண்டை பிடி. என்னோடு நீ ஒருமுறையேனும் உரத்துச் சண்டை பிடித்திருந்தால் அப்பாவின் கடைசிக் காரியத்துக்கு வந்திருப்பாய். அந்தச் சண்டையை உனக்கு நான் பழக்கவில்லை. மார்த்தா பழக்குவாள் என்று நம்புகிறேன்; அவளுடைய தகப்பன் என்னைத் திருத்திய விதத்தைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தில் அதற்குத் திறமை இருக்கிறது. பிள்ளை பிறந்தால் அப்பாவின் பெயரையோ அந்த விமானியின் பெயரையோ அதன் தலையில் ஏற்றாதே. கூப்பிட இலகுவான ஒரு பெயரை வை. அதற்குச் சொந்தமாகச் சிரிக்கவும் பிழைவிடவும் இடம் வேண்டும்.

எழுதிய இந்தக் கடிதத்தை நேற்றிரவு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். அச்சாகி, உன் கைக்கு வர இன்னும் எத்தனை வாரமோ. கடிதம் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலையை நான் மீண்டும் தொடங்கியிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. அதனால் இன்று காலை பத்து மணிக்கு உனக்கு அழைத்தேன். உங்கள் ஊரில் விடியாத நேரம் என்பதை அழைத்த பிறகுதான் யோசித்தேன். நீ இரவு வேலையில் இருந்தாயாம், தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மார்த்தா எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் பதறிப்போனாள். "யாருக்காவது ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டாள்.

"ஒன்றும் நடக்கவில்லை. அவன் வந்ததும் சொல்: அம்மா வரச் சொன்னாள்" என்றேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது. அதற்காக என்னை மன்னித்துவிடு, தமிழில் இங்கே எழுதியிருக்கிறேன். வா, மகனே. உன் வீட்டுக்கு வா. முன்னர் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

"எப்போது?" என்று கேட்டாள் மார்த்தா.

இத்தனை ஆண்டுகளில் நீயும் நானும் ஒருவரையொருவர் கேட்காத கேள்வி அது. "பெரும்போக அறுவடை முடிந்து, பங்குனி முதற்கிழமையில். அதற்கு முன் வந்தால் வெள்ளம், அதற்குப் பின் வந்தால் உனக்கு வெயில் தாங்காது" என்றேன். அவள் பேனாவைத் தேடி இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு பங்குனி என்பது எந்த மாதம் என்று கேட்டு, எழுத்தெழுத்தாக எழுதிக்கொண்டாள்.

அம்மா